பள்ளி திறக்கும் வாரத்துக் கடிதங்கள்

2022 ஜூன் 13, திங்கட்கிழமை அன்று ஒன்று முதல் பத்து வரையுள்ள வகுப்புகளும், 20ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பும், 27ஆம் தேதி பதினொன்றாம் வகுப்பும் தொடங்கும் என்று அரசு அறிவித்த நாளிலிருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பள்ளியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. சேலம் நகரத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். சொந்த விவரங்கள் நிறைந்த கடிதங்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

ஐயா, என் மகன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இப்போது மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். தமிழ்ப் பாடத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறான். அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறான். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். நான் பத்தாவது வரை படித்தவள். டியூஷனில் சேர்க்கலாமா, அல்லது பள்ளியில் கேட்டு மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைக்கலாமா?

உங்கள் மகன் வகுப்பறையில் உண்மையில் எவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் கணக்குப் பாருங்கள். அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்த ஆண்டு முழுவதும் கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்படவே இல்லை. 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. அந்த வாரமே தீபாவளி வந்தது, அதன் பின் மழை விடுமுறைகள் வந்தன, பல பள்ளிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சுழற்சி முறை வேறு. ஜனவரியில் ஓமிக்ரான் வகைக் கொரோனா பரவியதால் மீண்டும் மூடி, பிப்ரவரி 1ஆம் தேதி திறந்து, மே மாத நடுவில் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆக, இரண்டு வகுப்புகளைக் கடந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தைப் பார்த்தது விட்டுவிட்டு ஐந்தரை மாதம்தான். அவனுடைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்குமே கணக்கு இதுதான். இதைச் சொல்வது உங்களைச் சமாதானப்படுத்த அல்ல. உங்கள் மகனுக்கு மட்டும் ஏதோ குறை இருப்பதாக எண்ணி அவனைத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம் என்பதற்காக.

ஒப்பிக்கிறான், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பது நல்ல கவனிப்பு. இதை இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வரியை ஆள்காட்டி விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காதால் கேட்டே பாடத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, விரல் இரண்டாம் சொல்லில் நிற்கும்போது வாய் நான்காம் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்ததாக, அவன் இதுவரை பார்த்திராத சொற்களை எழுதிக் காட்டுங்கள். துணைக்கால் வரும் ‘பாடம்’ போன்றவற்றைப் பெரும்பாலும் படித்துவிடுவான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கொம்பும் காலும் சேர்ந்து வரும் ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில்தான் தடுமாறுவான். எந்த இடத்தில் தடுமாறுகிறானோ அங்கிருந்து தொடங்குங்கள், அது ஒன்றாம் வகுப்புப் பாடமாக இருந்தாலும் சரி. இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போடாமல் தறியை ஓட்டினால் எத்தனை முழம் நெய்தாலும் அந்தக் குறை சேலையோடு கூடவே வரும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மீண்டும் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது தமிழகத்தின் நடைமுறை. அது மட்டுமல்லாமல், நிறுத்தி வைப்பதால் அவன் இழந்த எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை, கூடப் படித்த நண்பர்களைத்தான் இழப்பான். உங்கள் மகன் படிப்பது அரசுப் பள்ளி என்றால், இந்த ஜூன் 13 முதல் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வருகிறது. மூன்றாம் வகுப்பு என்பதற்காக மூன்றாம் வகுப்புப் பாடத்தையே எல்லாருக்கும் நடத்தாமல், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் இருக்கும் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது அதன் அடிப்படை. முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைப் பார்த்து, விரல் வைத்து வாசிக்கச் சொன்னபோது நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அரும்பு நிலையில் வைத்தால் வருத்தப்பட வேண்டாம். தன் பிள்ளையை ‘மலரில்’ போடச் சொல்லி ஆசிரியரிடம் வாதாடும் பெற்றோர் நிச்சயம் வருவார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம்.

டியூஷனைப் பொறுத்தவரை, பள்ளி வீட்டுப்பாடத்தை எழுத வைத்து அனுப்பும் டியூஷனால் பயனில்லை. உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, கட்டணம் இல்லாமல், பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே படித்து வளர்ந்த பெண்கள் தன்னார்வலர்களாக நடத்துகிறார்கள். வீட்டில் நீங்கள் ஒதுக்க வேண்டியது கால் மணி நேரம். ரேஷன் கடைப் பலகை, பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், மளிகைச் சீட்டு என்று கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கச் சொல்லுங்கள். பத்தாவது படித்த தாய் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஒரு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

இரண்டு வருடம் பிள்ளைகள் வீட்டிலேதான் இருந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் கோடை விடுமுறை விட்டதில் என்ன நியாயம்? அந்த முப்பது நாளும் பாடம் நடத்தியிருந்தால் விட்டுப் போனதில் கொஞ்சமாவது பிடித்திருக்கலாம் அல்லவா? ஆசிரியர்களுக்கு மட்டும் எல்லாக் காலத்திலும் விடுமுறைதானா?

உங்கள் கோபத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். இழந்த பள்ளி நாட்கள் பெரிய இழப்புத்தான், அதைச் சின்ன விஷயமாகப் பேசுகிறவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் பள்ளி மூடியிருந்த மாதங்களை விடுமுறைக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போனார்களா, தெருவில் விளையாடினார்களா, மாங்காய் பறித்தார்களா? தெருவின் இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்திருந்தபோது, பத்துக்குப் பத்து அறையில், வேலை போன தகப்பனும் கவலையில் இருந்த தாயும் பேசிக்கொள்வதைக் கேட்டபடி, அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவான ஒரு கைப்பேசிக்காக அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒரு சாவு நடந்த பிள்ளைகளும் உண்டு. இதற்கு ஈடாகக் கோடை விடுமுறையைப் பிடுங்குவது, பட்டினி கிடந்தவனிடம் பழைய சாப்பாட்டுக் கடனை வசூலிப்பதற்கு ஒப்பானது.

மேலும், இந்த ஆண்டு விடுமுறை ஏற்கெனவே சுருங்கித்தான் வந்தது. வழக்கமாக ஏப்ரல் பின்பாதியிலேயே ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூன் தொடக்கம் வரை பள்ளி இருக்காது. இம்முறை மே மாத நடு வரை ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மே மாதம் முழுவதும் பொதுத் தேர்வு எழுதினார்கள். அக்னி நட்சத்திர நாட்களில், மதியம் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாத சேலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மின்விசிறிக் காற்றே அனலாக வீசும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே இன்னொரு முப்பது நாள் உட்கார வைத்திருந்தால் வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். படிப்பு ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளி மூடியிருந்தபோது வீடு வீடாகப் போய்ப் புத்தகமும் சத்துணவுக்கான உலர் பொருள்களும் கொடுத்தவர்கள், மரத்தடியில் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், சட்டமன்றத் தேர்தல் பணியையும் காய்ச்சல் கணக்கெடுப்பையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்பிவிட்டு அன்றைய கடமை முடிந்தது என்று இருந்தவர்களும் இருக்கிறார்கள். நானும் முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டவும் மாட்டேன், ஒரே கோலால் அடிக்கவும் விடமாட்டேன். உங்கள் கோபத்தைச் செலவழிக்க வேறொரு நல்ல இடம் இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் ‘பாடத்தை முடிக்க வேண்டும்’ என்று ஓடுகிறார்களா, முந்தைய வகுப்புகளில் விட்டுப்போனதை எடுத்துக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். ஓடுகிறார்கள் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

ஒரு தாய், ஏற்காடு மலைக் கிராமம்

நாங்கள் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியினர். காபித் தோட்டத்தில் கூலி வேலை. 2020இல் கொரோனா வந்தபோது என் மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாவது படித்தாள். விடுதியை மூடியதும் வீட்டுக்கு வந்தவள் என்னோடு பழம் பறிக்க வரத் தொடங்கிவிட்டாள். எங்கள் ஊரில் செல்போன் டவர் கிடையாது. பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச முடியும். போன நவம்பரில் பள்ளி திறந்தபோது பழம் பறிக்கும் காலம், அதனால் போகவில்லை. இப்போது ஒன்பதாவது என்கிறார்கள். “எனக்கு எதுவும் தெரியாது, போய் அவமானப்பட மாட்டேன்” என்கிறாள். ஆனால் எங்கள் ஆட்கள் பறித்த எடையை எல்லாம் அவள்தான் நோட்டில் எழுதிக் கூலி கணக்குப் போடுகிறாள். உறவில் பெண் கேட்டும் வருகிறார்கள். என்ன செய்வது? (பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் கொடுத்தது.)

அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களில் அதிக நேரம் என் மேசையில் கிடந்தது உங்களுடையதுதான்.

உங்கள் மகள் பள்ளிக்குத் திரும்பவில்லை என்பதற்கு அவளுடைய பிடிவாதம் காரணமல்ல. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தன. சேர்வராயன் மலையில் அந்த மாதம்தான் காபிப் பழம் சிவந்து பறிப்பு மும்முரமாகும் நேரம். அது ஜனவரி வரை ஓடும். முன்னெல்லாம் ஜூனில் விடுதிக்குப் போய்விட்ட பிள்ளை, பறிப்புக் காலத்தில் வீட்டிலேயே இருந்திருக்கமாட்டாள். பள்ளி திறந்த தேதி சமவெளிக்குச் சரியாக இருந்திருக்கலாம், மலைக்கு அது பொருந்தவில்லை. இப்போது ஜூன். தோட்டத்தில் மருந்து, களை, குழி வெட்டு என்று பெரியவர்கள் வேலைதான் இருக்கும், கிலோ கணக்கில் கூலி கிடைக்கும் பறிப்பு நவம்பர் வரை இல்லை. அவளை அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அடுத்த ஓராண்டுக்கு வராது.

பெயரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்காத நடைமுறையால் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு உரியவள். நீண்ட நாள் வராததால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்திருந்தாலும், ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள ‘எமிஸ்’ எண் அழிவதில்லை. தலைமையாசிரியர் அந்த எண்ணை வைத்து மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய புத்தகம், மதிப்பெண் அட்டை, எதில் அந்த எண் இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றாலும் வெறுங்கையோடு போங்கள். பழைய பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது என்றால், உயர்நிலைப் பள்ளியுள்ள விடுதியில் இடம் கேட்க வேண்டும். அந்தத் தலைமையாசிரியரிடமே கேளுங்கள், பழங்குடியினர் நலத்துறை விடுதிகளின் விவரம் அவருக்குத் தெரிந்திருக்கும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்றாலும் அதைக் காரணமாக வைத்து ஜூனைத் தவறவிட்டுவிடாதீர்கள். சேர்த்த பிறகு வாங்கிக் கொடுக்க அவகாசம் கேட்கலாம்.

இனி அந்த நோட்டு. ஆள் பெயர், காலை எடை, மாலை எடை, கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கி, முன்பணம் வாங்கியவருக்குக் கழித்து, சனிக்கிழமை கூட்டுத் தொகை எழுதுகிற பெண்ணுக்குத் தசமமும் பெருக்கலும் கழித்தலும் பட்டியலிடுவதும் வருகின்றன. ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு இது சாதாரணமானதல்ல. அந்த நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோய் கணக்கு ஆசிரியரிடம் அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஆங்கிலமும் அறிவியலும் கண்டிப்பாகப் பின்தங்கியிருக்கும். அந்த வகுப்பில் பலருக்கும் அப்படித்தான் என்பதை விடுதிக்குப் போன முதல் வாரத்திலேயே அவள் கண்டுகொள்வாள்.

பதினான்கு வயது நிறையாத பிள்ளையைத் தோட்டத்தில் கூலிக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அந்தக் குற்றம் வேலைக்கு வைத்தவர்களைச் சேரும் என்பதால், “இனி அவளை வேலைக்குக் கூப்பிட வேண்டாம்” என்று கங்காணியிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கம் தேவையில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் பதினெட்டு வயது என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். இந்த இரண்டு ஆண்டில் பள்ளி மூடியிருந்ததையே காரணமாக வைத்து நம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கல்யாணம் பேசியவர்கள் குறைவில்லை. வற்புறுத்தல் கூடினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். காசு ஆகாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவளே கூட அழைக்கலாம். அந்த எண்ணை அவளுடைய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதிக் கொடுத்த பையனுக்கு: கையெழுத்து நன்றாக இருக்கிறது. நீ பள்ளிக்குப் போகிறாயா என்று எழுதவில்லையே, தம்பி?

ஒரு தந்தை, அயோத்தியாப்பட்டணம்

மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வருமானம் குறைந்ததால் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க நினைக்கிறோம். 2020-21ஆம் ஆண்டுக் கட்டண பாக்கியைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்கிறது பழைய பள்ளி. என் அம்மாவோ, நிலைமை சரியானதும் திரும்பவும் பழைய பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்கிறார்.

மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவில், தெளிவாகச் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். ஆதலால் 13ஆம் தேதியே மகளை அழைத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்த்துவிடுங்கள். ஆதார் அட்டையும் பழைய பள்ளியின் எமிஸ் எண்ணும் இருந்தால் வேலை எளிது.

பாக்கி என்பது உங்களுக்கும் பழைய பள்ளிக்கும் உள்ள தனி விவகாரம். அதைக் கட்ட வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளியிலும் சம்பளம் வாங்க வேண்டிய ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களில் பலர் பாதிச் சம்பளத்தில் அந்த ஆண்டை ஓட்டினார்கள். ஆனால் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளியே நடக்காத அந்த ஆண்டில், முதலில் 40 விழுக்காடு, பிறகு 35 விழுக்காடு என்று பிரித்து வாங்கவே சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. பேருந்துக் கட்டணம், ஆய்வகக் கட்டணம் என்று சேர்த்து எழுதியிருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் தாயாரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பிலும், 2021ஆம் ஆண்டிலிருந்து பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரப்படும் என்று 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் மகள் சரியாக ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கிறாள். இடையில் ஓரிரு ஆண்டு பழைய பள்ளிக்குப் போய் வந்தால் இந்த வாய்ப்புகள் கைநழுவிப் போகும். நிலைமை சரியானதும் மாற்றுவது என்பதை நிதானமாக யோசியுங்கள்.

ஒரு தாத்தா, ஆத்தூர்

பேரன் ஏழாவது, பேத்தி மூன்றாவது. நோய் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்புங்கள். பன்னிரண்டு வயது நிறைந்தவர்களுக்கு 2022 மார்ச் 16 முதல் கோர்பிவேக்ஸ் தடுப்பூசி போடப்படுகிறது. பேரனுக்குப் பன்னிரண்டு நிறைந்திருந்தால் 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று பாருங்கள். பேத்தி வயதுக்கு இன்னும் ஊசி வரவில்லை. அவளுக்குக் காய்ச்சலோ இருமலோ இருக்கும் நாளில் வருகைக்காக அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். முகக்கவசம் இரண்டாகக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மதியச் சாப்பாட்டோடு குழம்பில் நனைந்துவிடும். வீட்டில் அதிகக் கவனம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். மூன்றாவது தவணை போட்டுக்கொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

ஒரு தாய், கொண்டலாம்பட்டி

பெரியவன் பத்தாவது. பள்ளி மூடியிருந்தபோது கொலுசுப் பட்டறைக்குப் பற்றவைப்பு வேலைக்குப் போனான். வாரச் சம்பளம் கையில் வந்து பழகிவிட்டது. மே மாதப் பொதுத் தேர்வில் தமிழும் ஆங்கிலமும் எழுதினான். கணக்குத் தேர்வன்று பட்டறைக்குப் போய்விட்டான். இனிமேல் அவன் படிப்பு அவ்வளவுதானா?

இல்லை. உங்கள் மகனைப் போல இந்த மே மாதத் தேர்வுகளுக்கு வராமல் போனவர்கள் மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி மூடியது. ஒன்பதாம் வகுப்பு, 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை நடந்ததோடு சரி. பத்தாம் வகுப்புக்குச் செப்டம்பரில்தான் போனான். ஒன்பதாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு, வாழ்க்கையில் முதல் பொதுத் தேர்வாகக் கணக்குத் தாள் எதிரில் வந்து நின்றபோது, தனக்கு நன்றாகத் தெரிந்த பட்டறைப் பக்கம் ஓடியிருக்கிறான். அதைச் சம்பள ஆசை என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவு வந்ததும் துணைத் தேர்வு அறிவிப்பு வரும். எழுதாத பாடங்களையும் தோற்ற பாடங்களையும் மட்டும் எழுதினால் போதும், தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை. விண்ணப்பத்தை அவன் படித்த பள்ளி வழியாகவே போடலாம். அந்த அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே அதிக நாள் இருக்காது என்பதால், முடிவு வரும் நாளிலேயே பள்ளிக்குப் போங்கள். முடிவுக்குக் காத்திராமல் இப்போதே கணக்கு ஆசிரியரைப் பார்த்து, தேர்ச்சிக்குத் தேவையான அளவுக்கு எந்தெந்தப் பாடம் என்று குறித்து வாங்கி வரச் சொல்லுங்கள். வரைபடம், வடிவியல் வரைதல் இரண்டையும் கையால் வேலை செய்து பழகிய பையன்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். கண்ணுக்குத் தெரியாத கண்ணியில் பொடி வைத்துப் பற்றவைக்கிற கைக்குக் கவராயமும் அளவுகோலும் பெரிய காரியமில்லை.

படிப்பே வேண்டாம் என்று உறுதியாக நின்றால், எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் உண்டு. தொழில் அறிந்தவனுக்கு ஒரு சான்றிதழும் சேரட்டும். பட்டறை வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. சேலத்து வெள்ளிக் கொலுசு நாடு முழுவதும் போகிறது. ஆனால் நெருப்பும் அமிலமும் புழங்கும் மூடிய அறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வயது பதினைந்து அல்ல. அவனை அடித்து நிறுத்தாமல், சம்பளம் நின்றால் வீட்டில் எந்தச் செலவு முட்டும் என்பதை அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலான வீடுகளில் பையன் வேலைக்குப் போவது ஒரு குறிப்பிட்ட கடனுக்காகத்தான். அதை எப்படி அடைப்பது என்பதற்கு வழி தெரிந்தால் அவனே பட்டறையை விடுவான்.

ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

கோடை விழா நடந்தபோது ஏற்காடு போக முடியவில்லை. பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை அழைத்துப் போய் வரலாமா?

போய் வாருங்கள். இரண்டு கோடையாக மலை பக்கமே போகாத பிள்ளைகள். சனி, ஞாயிறு வேண்டாம். நடுவாரத்தில் விடியற்காலையிலேயே அடிவாரம் தாண்டிவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நெரிசல் இருக்காது. ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதைவிடப் பகோடா பாயின்ட் பக்கம் நடக்கவிட்டால் பிள்ளைகள் மகிழ்வார்கள். திரும்பும்போது குப்பனூர் வழியாக இறங்கிப் பாருங்கள். மலைக் கிராமங்களில் வழியோரம் மிளகும் பலாப்பழமும் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் நின்றால், வாங்குங்கள். கூடவே, எப்போது பள்ளி திறக்கிறது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு மாணவி, ஓமலூர்

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். புதிய பஸ் பாஸ் எப்போது தருவார்கள்? அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டுமா?

பள்ளி திறந்த அன்றே யாருக்கும் புதிய பாஸ் கிடைக்காது. பள்ளியிலிருந்து பட்டியல் போய், அட்டை அச்சாகி வரச் சில வாரமாகும். 2021 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது சீருடையில் இருந்தாலோ, பள்ளி அடையாள அட்டையோ பழைய பாஸோ காட்டினாலோ அரசுப் பேருந்தில் டிக்கெட் கேட்கக் கூடாது என்று நடத்துநர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். அதையே சொல்லிப் பார், பழைய பாஸைத் தூக்கிப் போடாமல் பையிலேயே வைத்திரு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். உன்னுடைய இரண்டு பஸ்ஸில் ஒன்று சாதாரண நகரப் பேருந்தாக இருந்தால் அதற்குப் பாஸே தேவையில்லை. இன்னொன்று தனியார் பஸ் என்றால் இந்தப் பாஸ் அதில் செல்லாது. அப்படியானால் அரசுப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஞாயிற்றுக்கிழமையே ஓமலூர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளரைக் கேட்டு வைத்துக்கொள்.